இரண்டு சந்திரன்கள்

சினிமா பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கதை முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறவர்கள் ஒரு வகை. "இதை எப்படி ஐயா எடுத்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருகிறவர்கள் இன்னொரு வகை. சில மாதங்களாக நான் மூன்றாவது வகையில் சேர்ந்துவிட்டேன். படம் முடிந்த பிறகு எனக்குத் தோன்றுகிற கேள்வி வேறு: "இந்தப் படம் இத்தனை வருஷமும் எங்கே இருந்தது? யார் இதை எடுத்து வைத்திருந்தார்கள்?"

இந்த மாறுதலுக்குக் காரணம், வீட்டில் உட்கார்ந்தபடியே நான் பார்த்த நாலைந்து டாக்குமெண்டரிப் படங்கள். கொட்டகைக்குப் போக வேண்டாம். டிக்கெட்டுக்கு முண்டியடிக்க வேண்டாம். பொத்தானை அழுத்தினால் கனடாவும் பிரான்ஸும் சந்திர மண்டலமும் கூடத்துக்கே வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்துக் கதை. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகோ, அத்தனையும் ஒரே சரித்திரத்தின் அத்தியாயங்கள் என்று தோன்றிற்று. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் அத்தியாயம் கனடாவின் வடமேற்குக் கோடியில் நடக்கிறது. டாஸன் என்று ஓர் ஊர். 1896-ல் அதன் பக்கத்துச் சிற்றாறு ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பனியையும் மலையையும் தாண்டி ஓடினார்கள். சில வருஷங்களில் தங்க வேட்டை ஓய்ந்தது. ஜனங்களும் வேறு ஊர் தேடிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! சினிமாப் படங்கள் தருவித்துப் பார்த்தார்கள்.

அக்காலத்தில் ஒரு படம் ஊர் ஊராகச் சுற்றி வரும். டாஸன் அந்தச் சுற்றின் கடைசி ஊர். மற்ற ஊர்கள் பார்த்துச் சலித்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் படம் அங்கே வந்து சேரும். ஓடி ஓய்ந்த படத்தைத் திருப்பி அனுப்பக் கூலி கொடுக்க வேண்டும். அந்தச் செலவைச் செய்யப் படக் கம்பெனிகளுக்கு மனமில்லை. ஆகவே படப் பெட்டிகள் ஊர் நூல்நிலையத்தின் அடித்தளத்தில் குவிந்துகொண்டே போயின. குவியல் தாங்காமல் போனபோது பலவற்றை யூக்கான் நதியில் தள்ளினார்கள்; பலவற்றைக் கொளுத்தினார்கள். அந்த ஊரில் நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1929-ல் அதைத் தூர்த்துச் சமதளமாக்கி, மேலே பனிச் சறுக்கு மைதானம் அமைக்க நினைத்தார்கள். குளத்தைத் தூர்க்க மண் வேண்டும் அல்லவா? மண்ணோடு சேர்த்து மிச்சமிருந்த படச் சுருள்களையும் கொட்டி மூடிவிட்டார்கள்.

அப்புறம் 49 வருஷம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1978-ல் புதுக் கட்டடம் ஒன்றுக்காக அந்த இடத்தைத் தோண்டினார்கள். மண்ணிலிருந்து சுருள் சுருளாகப் பிலிம் வெளிவந்தது. மொத்தம் 533 சுருள்கள் தேறின. 1910-களிலும் 1920-களிலும் எடுத்த மௌனப் படங்கள், செய்திப் படங்கள். அவற்றில் பலவற்றுக்கு உலகத்தில் வேறு எங்கும் பிரதி கிடையாது. ஜனங்கள் என்றோ மறந்துபோன நடிகைகள் மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்து சிரித்தார்கள். 1919-ல் அமெரிக்காவையே கலக்கிய பேஸ்பால் சூதாட்ட ஊழல் ஒன்று உண்டு. அந்தப் பந்தயத்தின் காட்சிகளும் அந்தக் குளத்துக்குள்ளிருந்து கிடைத்தன.

இந்த வரலாற்றை பில் மாரிஸன் என்பவர் 2016-ல் ஒரு படமாக எடுத்திருக்கிறார். 'டாஸன் சிட்டி: உறைந்த காலம்' என்று அதன் பெயரைச் சொல்லலாம். பேச்சு மிகக் குறைவு. குளத்திலிருந்து கிடைத்த படத் துண்டுகளை வைத்தே ஊரின் கதையைச் சொல்லிவிடுகிறார். ஒரு பெண் கதவைத் திறந்து உள்ளே வருகிறாள். படத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது. பனி உருகிய தண்ணீர் அரித்த வடு அது. பார்க்கப் பார்க்க அந்த வடுவும் கதையில் ஒரு பாத்திரம் போல் ஆகிவிடுகிறது. படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் அதைப் புதைக்கவில்லை. குப்பை என்று நினைத்துத்தான் புதைத்தார்கள். எப்போதும் உறைந்து கிடக்கும் அந்த வடதேசத்து பூமி, தனக்குத் தெரியாமலே அதைக் காப்பாற்றியது.

பிலிமை மண்ணில் புதைத்தால் பிழைக்கும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய பிலிமின் குணம் அப்படிப்பட்டது. சினிமா பிறந்த 1895 முதல் ஏறக்குறைய 1950 வரையில் படங்களைப் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில்தான் எடுத்தார்கள். அது வெடி மருந்துக்குத் தாயாதி முறை. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பக்குவம் செய்வதில்தான் இரண்டும் பிறக்கின்றன. நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் அணைப்பது அரிது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள்ளே அமுக்கினாலும் எரியும். எரியாமல் தப்பினாலோ, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, கட்டியாகி, கடைசியில் பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிடும். பனிப் பிரதேசத்திலே அரை நூற்றாண்டு கிடந்தது சென்னைப் பட்டணத்து உஷ்ணத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இரண்டாவது அத்தியாயம் பாரிஸ் நகரத்தில். ஜார்ஜ் மெலியே என்று ஒரு ஜாலவித்தைக்காரர் இருந்தார். மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவர், சினிமா வந்ததும் அதையும் ஒரு வித்தையாக எடுத்துக்கொண்டார். 500-க்கு மேற்பட்ட சிறு படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்று 1902-ல் வெளிவந்த சந்திர யாத்திரைப் படம். சந்திரனுக்கு ஒரு மனித முகம். அதன் கண்ணிலே போய்ச் செருகிக்கொள்கிறது ஆகாய விமானக் குண்டு. துணியிலும் அட்டையிலும் செய்த சந்திரன்தான். ஆனால் உலகம் முழுவதும் அந்தச் சந்திரனைப் பார்க்க அலை மோதிற்று.

காலம் மாறியது. மெலியே கடனாளியானார். முதல் உலக யுத்தத்தின்போது அவருடைய படங்களில் பல பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எதற்கு என்கிறீர்கள்? அவற்றை உருக்கிச் சிப்பாய்களின் பூட்ஸுக்குக் குதி அடிப்பதற்கு! மிச்சமிருந்த மூலப் பிலிம்களை 1923-ல் மனம் வெறுத்துப்போய் அவரே தீயில் போட்டார். பிறகு ஒரு ரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றுக் காலம் தள்ளினார். 1938-ல் காலமானார்.

அந்தக் காலத்திலேயே அவர் படங்களில் சில பிரதிகளுக்கு வர்ணம் தீட்டுவது உண்டு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிறு தூரிகையால், ஒருத்தி சிவப்பு, ஒருத்தி பச்சை என்று ஒவ்வொரு கட்டமாகத் தீட்டுவார்கள். சந்திர யாத்திரைப் படத்தின் அப்படிப்பட்ட வர்ணப் பிரதி அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1993-ல் ஸ்பெயின் தேசத்து பார்ஸிலோனாவிலிருந்து ஒன்று அகப்பட்டது. ஆனால் அது படச் சுருளாக இல்லை. மரக்கட்டை மாதிரி ஒட்டி இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு கட்டமாக மாதக்கணக்கில் பிரித்து எடுத்தார்கள். 13,000-க்கு மேற்பட்ட கட்டங்கள். அவற்றைச் சரிப்படுத்த ஏற்ற கம்ப்யூட்டர் யந்திரங்கள் வரும்வரை பொறுத்திருந்து, 2011-ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். இந்தக் கதையைச் சொல்லும் டாக்குமெண்டரியில், இறுகிய பிலிமைக் கை நடுங்காமல் உரித்தெடுக்கிற காட்சி வருகிறது. எந்தத் துப்பறியும் கதையிலும் நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ஆக, அட்டைச் சந்திரன் பிழைத்துவிட்டது. நிஜச் சந்திரனுக்கு என்ன நேர்ந்தது? அதுதான் மூன்றாவது அத்தியாயம்.

டாட் டக்ளஸ் மில்லர் என்பவர் 2019-ல் வெளியிட்ட 'அப்பல்லோ 11' என்ற படத்தைப் பார்த்தேன். விவரித்துச் சொல்கிற குரல் அதில் கிடையாது. 1969 ஜூலையில் எடுத்த படங்களையும், அப்போது பதிவான பேச்சுக்களையும் மட்டுமே கோத்திருக்கிறார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில், அகலமான 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த படங்கள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கின்றன. ராக்கெட்டைத் தூக்கி வரும் பூதாகாரமான வண்டி, அதன் பக்கத்தில் எறும்பு போல் நடக்கும் மனிதர்கள், கடற்கரையில் கூடாரம் அடித்துக் கறுப்புக் கண்ணாடியோடு காத்திருக்கும் ஜனங்கள்—நேற்றுத்தான் எடுத்தது போல் பளிச்சென்று இருக்கின்றன. 50 வருஷம் தூங்கிய படம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

அந்தப் பிரமிப்பில் இருக்கும்போதே இன்னொரு விஷயத்தையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்ததை அன்று உலகத்தில் ஏறக்குறைய 60 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்பது கணக்கு. அவர்கள் பார்த்தது மங்கலான படம். சந்திரனிலிருந்த கேமரா, வினாடிக்கு 10 கட்டங்கள் வீதம், வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஒத்துவராத முறையில் படம் அனுப்பிற்று. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த நிலையங்களில் அதை வாங்கி, சாதாரண முறைக்கு மாற்றி ஒலிபரப்பினார்கள். மாற்றியதில் தெளிவு போய்விட்டது. நேராக வந்த தெளிவான படத்தைத் தனியாகக் காந்த நாடாக்களில் பதிந்து பத்திரப்படுத்தி அனுப்பினார்கள்.

அந்த நாடாக்கள் எங்கே? அமெரிக்க விண்வெளி நிலையத்தாரே வருஷக்கணக்கில் தேடினார்கள். 2009-ல் முடிவைச் சொன்னார்கள். பிற்காலத்தில் நாடாத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய நாடாக்களை ஆயிரக்கணக்கில் அழித்து மறுபடியும் உபயோகித்தார்களாம். சந்திரனும் அந்தக் கும்பலோடு போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பல ஊர்த் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த மங்கல் பிரதிகளைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்துதான் இன்று நாம் பார்க்கிற படத்தை உண்டாக்கினார்கள்.

மனிதன் சந்திரனில் நடந்ததற்கு மேலான காட்சி ஒன்று உண்டா? அதைக் கொண்டிருந்த நாடாவுக்கு ஏழைப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டின் கதி நேர்ந்தது. அழித்தவர் துஷ்டர் அல்ல. அவர் முன்னால் இருந்தது எண் போட்ட பெட்டிகள். மேலிடத்து உத்தரவு நாடா வேண்டும் என்பது. டாஸனில் குளத்தைத் தூர்த்தவரும் இப்படியே தம் வேலையைச் செய்தார். வேண்டாதது என்று புதைத்தது பிழைக்கிறது. விலைமதிப்பற்றது என்று எல்லோருக்கும் தெரிந்தது அழிகிறது. ஒரு பொருளின் பெருமை மட்டும் அதைக் காப்பாற்றிவிடாது. யாராவது ஒருவர் அதைத் தம் பொறுப்பு என்று நினைத்தால்தான் உண்டு.

பழைய படங்களைக் காப்பாற்றுவதோடு நில்லாமல், புது உயிர் கொடுக்கிறோம் என்று கிளம்பியிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். பீட்டர் ஜாக்ஸன் 2018-ல் முதல் உலக யுத்தத்தைப் பற்றி ஒரு படம் வெளியிட்டார். 100 மணி நேரத்துக்கு மேற்பட்ட பழைய யுத்தப் படங்களிலிருந்து பொறுக்கியது. அந்நாளில் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு வேகம். அதனால்தான் பழைய செய்திப் படங்களில் ராஜாக்களும் மந்திரிகளும் தத்தித் தத்தி ஓடுகிறார்கள். ஜாக்ஸனின் ஆட்கள் யந்திரத்தால் வேகத்தைச் சீர்செய்தார்கள், வர்ணம் பூசினார்கள், உதட்டசைவைப் பார்த்தே பேச்சைச் சொல்லக்கூடியவர்களை அழைத்து, சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்து, நடிகர்களைக் கொண்டு பேசவும் வைத்தார்கள்.

படம் தொடங்கும்போது திரையின் நடுவே சின்னதாக, கறுப்பு வெள்ளையாக ஓடுகிறது. சற்று நேரம் கழித்துத் திரை விரிகிறது, வர்ணம் வருகிறது, சிப்பாய்கள் நடக்கிற நடை நம் நடையாகிவிடுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தத்தித் தத்தி ஓடிய பொம்மைகள், பக்கத்து வீட்டுப் பையன்களாக மாறி, பல் சொத்தையும் சிரிப்புமாக நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் மனசின் ஒரு மூலையில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. அந்தப் புல்லின் பச்சை 1916-ஆம் வருஷத்துப் பச்சை அல்ல; நம் காலத்துக் கலைஞர் ஒருவர் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த பச்சை. அந்தக் குரலும் செத்தவனுடைய குரல் அல்ல. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தொழில் புதிதல்ல. சரித்திரக் கதை எழுதும்போது ராஜாவுக்கு நாங்களும் வசனம் எழுதிக் கொடுக்கிறோம். அதைக் கல்வெட்டின் மேல் வெட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வர்ணம் பூசட்டும், பேச வைக்கட்டும். மூலப் படத்தின் மேல் கை வைக்காமல் அதைத் தனியே பத்திரப்படுத்துகிற வரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூலம் போய்விட்டால், நாளைக்கு வருகிறவன் பூச்சையே சரித்திரம் என்று நம்பிவிடுவான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'செல்லுலாய்ட் மேன்' என்று 2012-ல் சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த படம், பி. கே. நாயரைப் பற்றியது. 1964-ல் புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது. அதற்கு மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்த நாயர், தம் ஆயுளில் பெரும் பகுதியைப் பழைய படப் பெட்டிகளைத் தேடுவதிலேயே கழித்தார். பால்கே 1913-ல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'விலும், 1919-ல் எடுத்த 'காளிய மர்த்தன'த்திலும் மிஞ்சியதை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அது அவர் அலைந்த அலைச்சலின் பலன்.

நம் நாட்டில் 1,000-க்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுத்தார்கள். மிஞ்சியவை மிகச் சொற்பம். அதிலும் பல துண்டுகள். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' இல்லை. 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்து, டி. பி. ராஜலக்ஷ்மியின் குரலைத் தமிழ் ஜனங்கள் கேட்டு மகிழ்ந்த 'காளிதாஸ்' இல்லை. அதற்கும் முன்னால், மோட்டார் உதிரிச் சாமான் வியாபாரம் செய்துவந்த நடராஜ முதலியார் புரசவாக்கத்தில் ஸ்டூடியோ அமைத்து எடுத்த 'கீசக வதம்' இல்லை. தென்னாட்டின் முதல் கதைப் படம் அது.

நம் படங்கள் தீக்கும் உஷ்ணத்துக்கும் மட்டும் பலியாகவில்லை, வெள்ளிக்கும் பலியாயின. கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. ஓடி ஓய்ந்த படத்தை வைத்திருந்தால் வாடகைச் செலவு. கழுவி வெள்ளியை எடுத்து விற்றால் நாலு காசு. டூரிங் கொட்டகைகளில் படத்தைத் தேயத் தேய ஓட்டி, திரையில் 'மழை' பெய்யத் தொடங்கிய பிறகு, அந்த மிச்சத்தையும் கழுவிவிட்டார்கள். கதாநாயகியின் புன்னகை யாரோ ஒருவர் வீட்டு வெள்ளிக் கிண்ணமாகியிருக்கலாம்.

விசித்திரம் ஒன்று சொல்கிறேன். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 1930-களின் தொடக்கத்தில் 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் எடுத்தார்கள். நாவலைப் பிரசுரித்தவர்கள் உரிமைப் பிரச்னை எழுப்பிக் கோர்ட்டுக்குப் போனார்கள். படம் சில நாள்கூடச் சரியாக ஓடாமல் முடங்கிவிட்டது. ஓடாததால் தேயவில்லை, வழக்கில் சிக்கியதால் வெள்ளிக்காரன் கையில் போகவில்லை. 1974-ல் நாயர் அதைக் கண்டெடுத்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். அமோகமாக ஓடிய படங்கள் அழிந்துபோக, வழக்கில் மாட்டிய படம் தப்பித்தது! டாஸனுக்குப் பனிக்கட்டி என்றால் திருவிதாங்கூருக்கு வக்கீல்கள்.

தமிழ்ப் படங்களின் வரலாற்றைப் பொறுத்தவரையில், படமே போன பிறகும் அதன் பெயரையும் நடிகர்களையும் ஒரு தனி மனிதர் குறித்து வைத்தார். பிலிம் நியூஸ் ஆனந்தன் புகைப்படமும் துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமுமாகச் சேர்த்த சேர்க்கை இல்லையென்றால் நமக்கு இந்தத் தகவல்களும் மிஞ்சியிரா. நாயரும் ஆனந்தனும் ஒரே மாதத்தில், 2016 மார்ச்சில், காலமானார்கள்.

இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கவலையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலிய படங்களின் மூலப் பிலிம்கள் 1993-ல் லண்டனில் தீயில் சிக்கிக் கருகின. அந்தக் கருகலை யாரோ வீசி எறியாமல் வைத்திருந்தார்கள். இருபது வருஷம் கழித்து இத்தாலியில் அதை ஈரப்பதம் கொடுத்து மிருதுவாக்கி, ஓரத் துளைகளைக் கையால் செப்பனிட்டு, 2015-ல் மறுபடி திரையில் ஓட்டினார்கள். தீயில் வெந்த பிலிமுக்கு 20 வருஷத்துக்குப் பிறகும் உயிர் இருந்தது. கெட்டுப்போன கம்ப்யூட்டர் தட்டுக்கு அப்படி இருக்குமா? பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். தட்டைத் தூக்கிப் பிடித்தால் நம் முகம்தான் தெரியும். அதை வாசிக்கிற யந்திரம் வேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

இது பெரிய படங்களின் கவலை மட்டுமல்ல. 1980-களிலும் 1990-களிலும் கல்யாணம் நடந்த வீடுகளில் எல்லாம் பீரோவுக்குள் ஒரு வீடியோ காஸெட் இருக்கும். அதில் பந்தி விசாரிக்கிற பாட்டனாரும், நலங்குக்குப் பாடுகிற அத்தையும் இருப்பார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் நடந்ததும் பேசியதும் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் காஸெட்டை ஓட்டுகிற பெட்டியைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி, 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சணம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓட்டத் தெரிந்த கடைக்காரர்கள் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

சரித்திரம் என்று நாம் சொல்வது நடந்ததெல்லாம் அல்ல. நடந்ததில் யாரோ ஒருவர் எடுத்து வைத்தது. அட்டைச் சந்திரனுக்கு அப்படி ஒருவர் பார்ஸிலோனாவில் இருந்தார். நிஜச் சந்திரனின் நாடாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. உங்கள் வீட்டுக் காஸெட்டுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். இந்த வாரமே அதைக் கொடுத்துப் பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். யார் கல்யாணம், எந்த வருஷம், பாடுகிறவர் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். எழுதாவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்தில் அத்தையும், டாஸன் குளத்திலிருந்து எழுந்து வந்த பெயர் தெரியாத பெண்களில் ஒருத்தியாகிவிடுவாள்.